புது பேட்டரி போட்டும் வண்டி எடுக்கவில்லையே, ஏன்?

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு நான்கு வயது. காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்டக்டக்' என்று சத்தம் மட்டும் வருகிறது, டாஷ்போர்டு விளக்குகள் மினுக்கி மங்குகின்றன. பேட்டரி போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னதால் புதிது வாங்கிப் போட்டேன். சில வாரங்களில் அதே கதை. இன்னொரு வண்டியிலிருந்து ஒயர் கொடுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது, அன்று முழுக்கத் தொந்தரவு இல்லை. இரண்டு மூன்று நாள் ஓட்டாமல் நிறுத்தினால்தான் மறுபடி மக்கர். இப்போது செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா? சமீபத்தில் வண்டியில் புதிதாகச் சேர்ந்தது முன்கண்ணாடி கேமரா ஒன்றுதான்.

பதில்: மாற்றாதீர்கள். ஒயர் கொடுத்ததும் எடுக்கிறது என்கிறீர்களே, அதுவே செல்ஃப் மோட்டாருக்கு நற்சான்று. மோட்டார் கெட்டிருந்தால் வெளியிலிருந்து கரண்ட் கொடுத்தாலும் பெரும்பாலும் சுற்றாது. அதன் அறிகுறியே வேறு: ஒரே ஒரு 'டக்', பிறகு அமைதி, ஹெட்லைட் மட்டும் பளிச்சென்று எரியும். உங்களுக்கு வருவது தொடர் டக்டக். சோலனாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட்டை இணைக்கும் காந்த சுவிட்ச்) இழுக்கப் பார்த்து, வோல்டேஜ் போதாமல் விட்டுவிடும் சத்தம் அது. பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் இணைப்பு தளர்ந்தோ பச்சை, வெள்ளைப் பொடி பூத்தோ இருக்கிறது. இணைப்பை இறுக்கித் துடைப்பதற்குக் காசு தேவையில்லை, அதை முதலில் செய்யுங்கள்.

அடுத்து ஒரு மல்டிமீட்டர், அதாவது வோல்டேஜும் கரண்ட்டும் அளக்கும் கருவி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், சாவி போடும் முன் பேட்டரியை அளந்தால் சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.0 பக்கம் இருந்தால் சார்ஜ் ஏறக்குறையக் காலி. எஞ்சின் ஓடும்போது சாதாரணமாக 13.8 முதல் 14.7 வரை வர வேண்டும். வந்தால் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் பாகம்) சார்ஜ் ஏற்றுகிறது என்று கொள்ளலாம். (புது மாடல்கள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். அங்கே ஒரே அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.)

நாள் முழுக்க ஓடிய வண்டி, நின்ற இடத்தில்தான் டவுன் ஆகிறது. அப்படியானால் நிற்கும்போது எதுவோ கரண்ட்டை உறிஞ்சுகிறது. என் சந்தேகம் அந்தக் கேமரா மேல். பூட்டிய காரில் 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது சகஜம். பார்க்கிங்கிலும் படம் பிடிக்கும்படி கேமராவுக்கு நேரடி ஒயர் கொடுத்திருந்து, அது கால் ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள்: ஒரு நாளுக்கு 6 ஆம்பியர் அவர் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர் அவர்), நான்கு நாளில் 24. 45 ஆம்பியர் அவர் பேட்டரியில் பாதிக்கு மேல் போச்சு! புதிதென்ன, பழையதென்ன?

சோதிப்பது எளிது. கேமரா ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, வழக்கம்போல் சில நாள் நிறுத்திப் பாருங்கள். அப்படியும் டவுன் ஆனால், நெகட்டிவ் ஒயரில் அம்மீட்டரை இணைத்து அளக்கச் சொல்லுங்கள். கதவெல்லாம் மூடி அரை மணி நேரமாவது விட்டால்தான் வண்டியின் கம்ப்யூட்டர்கள் உறங்கும், உண்மை அளவு தெரியும். பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால், எதை எடுத்ததும் அளவு விழுகிறதோ அந்தப் பக்கம்தான் திருடன். மீட்டர் இணைந்திருக்கும்போது யாரும் செல்ஃப் அடிக்கக் கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

புது பேட்டரியை வாரண்டியில் திருப்பலாமா என்று தோன்றும். கடையில் சார்ஜ் ஏற்றி, லோடு டெஸ்ட் (அதிகக் கரண்ட் இழுத்துப் பார்க்கும் சோதனை) செய்து, 'நல்லாத்தான் இருக்கு' என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பில்லும் வாரண்டி அட்டையும் பத்திரமாக இருக்கட்டும். அடிக்கடி அடியோடு டவுன் ஆகும் பேட்டரியின் ஆயுள் சீக்கிரம் குறையும். எந்த மெக்கானிக்காக இருந்தாலும், பாகத்தை மாற்றும் முன் 'அளந்தீர்களா, எவ்வளவு வந்தது?' என்று கேளுங்கள். எண் சொல்லாமல் பாகத்தின் பெயரை மட்டும் சொல்பவரிடம் அடுத்த பாகமும் வாங்க வேண்டிவரும்.

கேள்வி: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின்தான் பிடிக்கவில்லை. இதற்கும் பேட்டரிதானா?

பதில்: வழக்கமான வேகத்தில் சுற்றினால் பேட்டரியை விட்டுவிடுங்கள். எரிபொருள், ஸ்பார்க், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) என்று வேறு வரிசை. டாஷ்போர்டில் சாவி படம் போட்ட விளக்கு விடாமல் மின்னினால் மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். பெட்ரோல் வண்டி என்றால், சாவியை ஆன் செய்ததும் பின்சீட் பக்கம் ஓரிரு விநாடி 'ம்ம்' என்று பம்ப் சத்தம் கேட்க வேண்டும். வழக்கமாகக் கேட்டது நின்றுவிட்டால் பம்ப்பின் ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள். இரண்டும் சரியென்றால் ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் கருவி) போடாமல் எதையும் வாங்காதீர்கள். ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கவும் வேண்டாம், நல்ல மோட்டாரும் சூடேறிக் கெடும்.

கேள்வி: பழைய கார் பார்க்கப் போகிறேன். ஸ்டார்ட் ஆவதில் எதைக் கவனிப்பது?

பதில்: போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். வெயிலில் நிற்காமலே சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்திருக்கலாம்; சூடான எஞ்சினில் ஸ்டார்ட்டிங் கோளாறு மறைந்துவிடலாம். மறுநாள் காலை வருவதாகச் சொல்லி, ஆறிய எஞ்சினை உங்கள் கையாலேயே ஸ்டார்ட் செய்யுங்கள்.