கட்டணம் கட்டியவருக்கு ரகசியம் சொந்தமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மன உளைச்சலுக்காகச் சில மாதங்களாக ஒரு தனியார் கவுன்சலிங் மையத்துக்குச் சென்று வந்தேன். கட்டணத்தைக் கணவர்தான் செலுத்தினார். பிரிந்து வாழலாமா என்று நான் யோசிப்பதை ஆலோசகரிடம் மட்டுமே சொல்லியிருந்தேன். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, நான் அங்கே சொன்ன அதே வார்த்தைகளில் கணவர் என்னிடம் திருப்பிக் கேட்டார். ஆலோசகரிடம் விசாரித்தால், “உங்கள் குடும்ப நன்மைக்காகத்தான் சொன்னேன்” என்கிறார். இது முறையா? சட்டத்தில் எனக்கு வழி உண்டா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: முறையல்ல. சிகிச்சை பெறுபவர் நீங்கள்; பணம் யார் கையிலிருந்து வந்தது என்பதால் அது மாறிவிடாது. வயதுவந்த ஒருவர் சொன்னதை அவருடைய ஒப்புதலின்றிக் கணவரிடமோ பெற்றோரிடமோ சொல்லக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. “குடும்ப நன்மை” என்ற காரணம் நம் ஊரில் எளிதாகச் செலாவணியாகிறது என்பது வேறு விஷயம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, மனநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் எல்லாச் சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கும் ரகசியம் காக்கும் கடமையை விதிக்கிறது. விதிவிலக்குகளும் அதிலேயே உள்ளன: உயிருக்கு ஆபத்து இருக்கும்போது, இன்னொருவருக்குத் தீங்கு நேரவிருக்கும்போது, நீதிமன்றம் உத்தரவிடும்போது என்பது போன்றவை. அப்போதும் தேவையான அளவுக்கு மேல் ஒரு சொல்லும் வெளியே போகக் கூடாது. கணவர் உறவினர் என்ற முறையில் உங்கள் ‘நியமனப் பிரதிநிதி’யாக, அதாவது சிகிச்சை விஷயங்களில் உங்களுக்குத் துணைநிற்பவராக, கருதப்படலாமே என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும், ஆனால் அந்தப் பிரதிநிதிக்கும், சட்டம் அவருக்குத் தரும் கடமைகளைச் செய்யத் தேவையான தகவலை மட்டுமே தர முடியும். மணமுறிவு பற்றிய உங்கள் எண்ணம் அந்த வரம்புக்குள் வராது.

‘இன்னொருவருக்குத் தீங்கு’ என்பது எவ்வளவு கடுமையான நிலை என்பதற்கு அமெரிக்காவின் டாராசாஃப் வழக்கு நல்ல உதாரணம். 1969-இல் கலிஃபோர்னியாவில், ஒரு மாணவியைக் கொல்லப் போவதாகச் சிகிச்சையில் இருந்த ஒருவர் சொன்னார். சிகிச்சையாளர் பல்கலைக்கழகக் காவல்துறைக்குத் தெரிவித்தார், மாணவிக்கோ அவருடைய குடும்பத்துக்கோ எச்சரிக்கை போகவில்லை, அவர் கொல்லப்பட்டார். ஆபத்துக்கு இலக்கானவரைப் பாதுகாக்கச் சிகிச்சையாளர் நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்று 1976-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் கூறியது. ரகசியத்தை உடைக்க நியாயம் கிடைக்கும் இடம் இத்தகையது. பிரிந்து போகலாமா என்ற யோசனையால் யாருடைய உயிருக்கும் ஆபத்தில்லை.

இனி ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். 2017 சட்டம் ‘மனநோய்’ என்பதைக் கடுமையான கோளாறு என்றே வரையறுக்கிறது. குடும்பப் பிரச்சினைக்காக ஆலோசனைக்குச் சென்றவர் அதற்குள் வருவாரா என்பதை எதிர்த்தரப்பு கேள்விக்குள்ளாக்கலாம். எனவே ஆலோசகருடைய தகுதியை முதலில் விசாரியுங்கள். மருத்துவ உளவியலாளர் எனத் தம்மை அழைத்துக்கொள்பவர், 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. அந்த எண் இருந்தால் கவுன்சிலுக்கே புகார் அனுப்பலாம். சில வாரப் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொண்டு ‘ஆலோசகர்’ என்று பலகை வைப்பவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 2021-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்முறையாளர் சட்டம் ஆலோசகர்களையும் வரையறைக்குள் கொண்டுவந்தது. ஆனால் அதை நடைமுறைப்படுத்த வேண்டிய மாநில மன்றங்கள் அமைவதில் தாமதம் இருப்பதால், அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

பதிவு பெற்றவரோ இல்லையோ, காசு வாங்கிக்கொண்டு சேவை செய்தவர் என்ற அடிப்படையில் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். கட்டணம் பெற்றுச் செய்யப்படும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சிகிச்சை முறையையே குறைசொல்லும் வழக்குகளில் தகுதியுள்ள சக தொழில்முறையாளர்கள் ஏற்கும் தரத்தைக் கொண்டு கவனக்குறைவை அளக்கிறார்கள். இங்கிலாந்தின் 1957 போலம் தீர்ப்பில் உருவான அந்த அளவுகோலை, 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. உங்கள் வழக்கில் அந்த வாதம் எளிது, ஏனெனில் ஒப்புதலின்றி ரகசியம் சொல்வதைப் பொறுப்புள்ள எந்த உளவியலாளரும் ஏற்க மாட்டார். ரசீதுகள், வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். “யாரிடம், எப்போது, என்ன சொன்னீர்கள்?” என்று எழுத்தில் கேளுங்கள், “குடும்ப நன்மைக்காகத்தான்” என்று அவர் எழுத்தில் பதில் தந்தால் அதுவே சான்று. சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும்.

கேள்வி: ஓராண்டாக என் மகனுக்குச் சிகிச்சை அளிக்கும் ஆலோசகர், கிளினிக்கை விரிவாக்க என்னிடம் கடன் கேட்கிறார். நல்ல மனிதர். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். கடனாளியான ஆலோசகர் நாளை உங்கள் மகனிடம் கசப்பான உண்மையைச் சொல்லத் தயங்குவார். நீங்களும் வேறு ஆலோசகரைத் தேடத் தயங்குவீர்கள். இத்தகைய இரட்டை உறவு சிகிச்சைக்கு ஊறு செய்யுமானால் அதைத் தவிர்க்க வேண்டும் என்கிறது அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை. மறுத்த பிறகு அவருடைய நடத்தை மாறினால், மகனின் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேறொருவரிடம் செல்லுங்கள்.