மக்பெத் நாடகத்தில் சூனியக்காரிகளும் பாங்கோவும் வருவது ஜேம்ஸ் மன்னரைத் திருப்திப்படுத்தவா?

ஆம், பெருமளவுக்கு அப்படித்தான். ஷேக்ஸ்பியரின் இந்த நாடகத்தில், நீ மன்னனாவாய் என்று சூனியக்காரிகள் சொன்னதைக் கேட்ட ஸ்கொட்லாந்துத் தளபதி மக்பெத், மனைவியின் தூண்டுதலோடு தன் மன்னன் டன்கனைத் தூக்கத்தில் கொல்கிறான். அவனுடைய சக தளபதி பாங்கோ, அவன் வழிவந்தவர்கள் மன்னர்களாவார்கள் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் நாடகத்தின் பெரிய விசயம் தவறிவிடும். கல்முனையில் உயர்தர மாணவர்களுக்கு ஆங்கில இலக்கியம் படிப்பிக்கிறேன், 'ராசாவுக்குப் பந்தம் பிடிச்சு எழுதினதுதானே சேர்' என்று யாராவது கேட்காத வகுப்பே இல்லை. பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1926இலேயே மதங்க சூளாமணியில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்துப் பார்த்தவர், நாங்கள் இதை ஒரு சொல்லில் தள்ளிவிடுவது எனக்குப் பொறுக்காது.

1603இல் எலிசபெத் வாரிசில்லாமல் இறக்க, ஸ்கொட்லாந்து மன்னர் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் மன்னரானார். அதே வருடம் ஷேக்ஸ்பியரின் நாடகக் குழு 'மன்னரின் ஆட்கள்' ஆனது. மக்பெத் எழுதப்பட்டது 1606 அளவில்.

ஜேம்ஸுக்குச் சூனியம் பற்றி இருந்த பயம் உண்மையான பயம். 1590இல் டென்மார்க்கிலிருந்து புது மனைவியோடு திரும்பும்போது கடல் கொந்தளித்தது, அது சூனியக்காரிகளின் வேலை என்று நம்பினார். வடக்கு பெர்விக் வழக்குகள் அப்படித்தான் தொடங்கின. ஆக்னஸ் சாம்சன் என்ற மருத்துவச்சியை மன்னரே விசாரித்தார், சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கி 1591இல் கொன்று எரித்தார்கள். சல்லடையில் ஏறிக் கடலில் போனோம் என்பது அந்த வாக்குமூலக் கதைகளில் ஒன்று. நாடகத்தில் முதல் சூனியக்காரி சல்லடையில் ஏறிப் போவேன், கப்பலை மூழ்கடிக்க முடியாவிட்டாலும் புயலில் அலைக்கழிப்பேன் என்கிறாள் அல்லவா? வலியில் ஒரு மருத்துவச்சி ஒப்புக்கொண்டதின் எதிரொலி அந்த வரிகளில் இருக்கிறது, அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். ஜேம்ஸ் 1597இல் பேய், சூனியம் பற்றி ஒரு நூலே வெளியிட்டார்.

1605 நவம்பர் 5இல் நாடாளுமன்றத்தை மன்னரோடு சேர்த்துத் தகர்க்கும் வெடிமருந்துச் சதி பிடிபட்டது. அடுத்த வருடமே மன்னரைக் கொல்வது பற்றி ஒரு நாடகம் என்றால், அரங்கில் இருந்தவர்களுக்கு அது பழங்கதையாகத் தெரிந்திருக்காது.

இனி பாங்கோ. ஜேம்ஸின் ஸ்டுவர்ட் வம்சம் பாங்கோவின் வழி வந்தது என்று நம்பப்பட்டது (16ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய ஆவணங்களில் அப்படி ஒருவரே இல்லை). எங்கள் பக்கத்துக் கோயில்களில் எந்தக் குடிக்கு எந்த வரிசை என்பதற்குப் பழைய கல்வெட்டுப் பாடல்களைச் சான்று காட்டுவது போல, அந்தப் பூர்வீகக் கதைக்கும் சிம்மாசனத்தில் ஒரு வேலை இருந்தது. சிக்கல் என்னவென்றால், ஷேக்ஸ்பியர் கதைக்கு எடுத்தாண்ட, 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஹொலின்ஷெட்டின் நூலில் டன்கனைக் கொல்லும் சதிக்கு பாங்கோவும் கூட்டாளி. மன்னரின் மூதாதையை மன்னர் முன்னாலேயே கொலைகாரனாகக் காட்ட முடியுமா? கழுவித்தான் ஆக வேண்டும்.

அந்தக் கழுவல்தான் துயரத்தை ஆழமாக்கியது என்பது என் கருத்து. ஹொலின்ஷெட்டிடம் மக்பெத்துக்குத் துணைக்கு நண்பர்கள் இருக்கிறார்கள், நியாயமான ஒரு குறையும் இருக்கிறது, ஏனென்றால் வாரிசு சிறுவனாக இருந்தால் அடுத்த உறவினன் ஆளலாம் என்ற பழைய வழக்கத்தை மீறித்தான் டன்கன் மகனை இளவரசனாக்குகிறான். அதற்குப் பிறகு பத்து வருட நல்லாட்சி வேறு. நாடகத்தில் இவை ஒன்றும் இல்லை. பாங்கோ விலகியதும் பழியைப் பங்குபோட ஆளில்லை, மக்பெத்தும் மனைவியும் மட்டும் ஒரு இரவில் தனியாக நிற்கிறார்கள், அப்புறம் அந்த மனைவியும் தூக்கத்தில் நடந்து புலம்பும் நிலைக்குப் போய்விட அவன் முற்றாகத் தனித்துப்போகிறான். அரசியல் கட்டாயத்தால் வந்த வெட்டு அது, அதை ஷேக்ஸ்பியர் இப்படிப் பயன்படுத்தினார்.

இதற்கெல்லாம் விலை கொடுத்தது, 11ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்தை ஆண்ட உண்மையான மக்பெத். டன்கன் போர்க்களத்தில்தான் இறந்தான், படுக்கையில் அல்ல. மக்பெத் 1040 முதல் 1057 வரை ஆண்டார், 1050இல் ரோமுக்கு யாத்திரை போய் ஏழைகளுக்குப் பணத்தை அள்ளிக்கொடுத்தார். நாட்டை விட்டு அவ்வளவு தூரம் போய்வரத் துணிந்த மன்னருக்குச் சிம்மாசனம் ஆடிக்கொண்டிருந்திருக்காது.