வாசகர் கேட்டவை: வாத்தியக் குழுவுக்குப் பின்னால் நின்று பாடும்போது

கேள்வி: எங்கள் அயலில் முப்பது பேர் சேர்ந்து வாரம் ஒருமுறை பாடி வருகிறோம். நத்தாருக்கு முன் தொழில்முறை வாத்தியக் குழுவொன்றுடன் ஹாண்டலின் 'மெசையா' என்ற சேர்ந்திசைப் படைப்பிலிருந்து 'ஹல்லேலூயா'வைப் பாட அழைப்பு வந்திருக்கிறது. பியானோவுடன் குறையின்றிப் பாடிய நாங்கள், வாத்தியக் குழுவுடனான முதல் ஒத்திகையில் தொடர்ந்து பின்தங்கினோம். எங்களிற் பலர் கர்நாடக இசை பயின்றவர்கள். தாளம் தவறுபவர்கள் அல்லர். பிழை எங்கே?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் தாள ஞானத்தில் குறையில்லை, அதை நீங்கள் காதிலிருந்து எடுப்பதுதான் இங்கே இடைஞ்சல். கர்நாடகக் கச்சேரியில் வயலினும் மிருதங்கமும் பாடகரின் கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்து அவரைப் பின்தொடர்கின்றன. இங்கோ முன்வரிசை வயலின்களுக்கும் உங்கள் கடைசி வரிசைக்கும் இடையே 15 மீற்றர் இருக்கக்கூடும். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வதால், வயலினைக் கேட்டு நீங்கள் எடுக்கும் சுரம், முன்னே நிற்கும் நெறியாளரின் காதை அடைவதற்குள் செக்கனில் பத்தில் ஒரு பங்கு அளவு பிந்திவிடுகிறது. அருகிலிருந்த பியானோவுடன் இந்தச் சிக்கல் எழவில்லை.

ஆகவே காதை ஓரளவு மூடிக்கொண்டு, நெறியாளரின் கையைப் பாருங்கள். அந்தக் கை நாம் தொடையில் போடும் தாளத்தைப் போன்றதன்று. அடி விழுமுன் மேலெழும் அசைவிலேயே வேகமும் மூச்செடுக்கும் இடமும் சொல்லப்பட்டுவிடுகின்றன. அந்த அசைவோடு முப்பது பேரும் மூச்செடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மற்றப் பாதி 'ஹ' என்ற எழுத்தில் இருக்கிறது. அதை அடியிலேயே தொடங்கினால் உயிரொலி பிந்தும். 'ஹ' அடிக்கு மயிரிழை முந்திப் போக, உயிரொலி அடியில் விழ வேண்டும்.

சுருதி பற்றியும் ஒரு சொல். நம் பாடகர் தமக்கேற்ற கட்டையைத் தெரிவு செய்கிறார். தம்புரா அதற்கு இசைகிறது. இங்கே ஓபோ என்ற துளைவாத்தியம் எழுப்பும் ஒரே சுரத்துக்கு, பெரும்பாலும் 440 ஹேர்ட்ஸுக்கு, எல்லோரும் இசைய வேண்டும். சுரங்களை அசைக்காமல் நேராக நிறுத்துங்கள். நான்கு குரல்கள் அடுக்கும் இசையில் ஒருவரின் அழகான கமகம் மற்ற மூவருக்கும் கரகரப்பாகவே கேட்கும். (கமகம் பழகிய தொண்டைக்கு இது எவ்வளவு கடினம் என்பதை நானும் அறிவேன்.)

கேள்வி: எக்காளமும் முரசும் முழங்கும்போது முப்பது குரல்கள் கேட்குமா?
– அதே வாசகி

பதில்: 1742இல் டப்ளினில் 'மெசையா' முதன்முதல் அரங்கேறியபோது பாடிய இரு பேராலயங்களின் பாடகர்களும், சிறுவர்களையும் சேர்த்து, ஏறத்தாழ 32 பேர்தாம். 500 பேருக்கு மேல் திரண்டு ஹாண்டலின் இசையை வழங்கும் வழக்கம் 1784இல் லண்டனில் தொடங்கியது. எண்ணிக்கை போதும், எக்காளத்துடன் போட்டியிட்டுக் கத்தாதீர்கள்.

கேள்வி: மேலைச் சுரக்குறிப்பு வாசிக்கத் தெரியாமல் இப்படிப் பாட முடியுமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: செவிவழியாகப் பாடம் செய்யலாம்; ஆனால் ஒத்திகையில் எந்த இடத்திலிருந்து பாடச் சொல்கிறார்கள் என்பதை அறியாவிட்டால் திண்டாடுவீர்கள். பாடகரின் பிரதியும் வாத்தியக்காரரின் பிரதியும் பக்கத்துக்குப் பக்கம் ஒத்திராததால், நெறியாளர் இசைக்கட்டின், அதாவது சுரக்குறிப்பில் இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியின், எண்ணைத்தான் சொல்வார். கட்டுகளை எண்ணக் கற்று, பென்சிலால் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தை வாசகிக்கும் இது பொருந்தும்: 'ஹல்லேலூயா'வில் நீங்கள் நுழைவது நான்காம் கட்டில். முடிவுக்குச் சற்று முன், முழு வேகத்தில் பாடிவரும் அனைவரும் சட்டென்று மௌனமாகும் ஓர் இடைவெளி வருகிறது. அந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் பெரிதாக வட்டமிட்டு வையுங்கள். உற்சாகத்தில் யாராவது ஒருவர் அங்கே தனியாகப் பாடிவிடுவார்.