எந்த இடத்துல பிடிச்சுது? – வாசகர் கேள்வி பதில்

படம், சீரிஸ், காமிக்ஸ், கேம்னு எதையாவது பாத்துட்டு விமர்சனம் எழுதுறவங்க கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தேன், நிறைய வந்திருக்கு. ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன், பேர் வேண்டாம்னு பல பேர் சொன்னதால யார் பேரும் போடல.

கேள்வி: அக்கா, ரெண்டு வருஷமா பட விமர்சனம் எழுதுறேன். "திரைக்கதை விறுவிறுப்பு, பின்னணி இசை பலம், இரண்டாம் பாதி கொஞ்சம் இழுவை", ஒவ்வொரு தடவையும் இதுலயே வந்து நிக்குது. பேர மட்டும் மாத்துனா எந்தப் படத்துக்கும் பொருந்தும்னு ஃப்ரெண்ட் சொல்றான். உண்மைதான்னு எனக்கே தோணுது. என்ன பண்ணட்டும்?

பதில்: தம்பி, அந்த ஃப்ரெண்ட விட்டுடாதீங்க. எழுதி முடிச்சதும் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் பென்சில்ல "எந்த இடத்துல?"ன்னு எழுதிப் பாருங்க. இழுவைன்னு எழுதியிருக்கீங்க, சரி, எந்த இடத்துல உங்க கை தானா போன எடுத்துச்சு? விறுவிறுப்புன்னா எந்த இடத்துல நிமிந்து உக்காந்தீங்க? அந்த இடம் ஞாபகம் வந்தா அந்த வரி உயிரோட இருக்கு, வரலைன்னா அந்த வரிய எடுத்துடலாம், அது நீங்க வேற எங்கயோ படிச்சு மனசுல தங்கின வரி.

ஒரு சீன் சொல்றேன். பேச்சு வார்த்தை இல்லாம இருந்த அண்ணன் தம்பி பத்து வருஷம் கழிச்சுப் பாத்துக்கறாங்க. "நெகிழ வைக்கும் காட்சி"ன்னு எழுதிட்டு அடுத்த பத்திக்குப் போயிடலாம், எல்லாரும் அதத்தான் பண்றோம். ஆனா கூர்ந்து பாத்தா அண்ணன் கதவத் திறந்ததும் தம்பி முகத்தைப் பாக்கவே இல்ல, அவன் கையில இருக்கற பையைத் தான் பாக்குறான், எத்தனை நாளைக்கு வந்திருக்கான்னு கணக்குப் போடற மாதிரி. கேமராவும் அந்தப் பையை விட்டு மேல ஏறல. முதல் வசனம் வரதுக்கு நாலு செகண்ட் ஆகுது, அந்த நாலு செகண்டும் மியூசிக் இல்ல, உள்ள ஓடற ஃபேன் சத்தம் மட்டும். இத அப்படியே எழுதுங்க. நெகிழ்ச்சிங்கற வார்த்தையே தேவைப்படாது, படிக்கிறவங்களுக்கு அது வந்துடும்.

இன்னொண்ணு, "நடிப்பு பிரமாதம்"னு எழுதும்போது கொஞ்சம் நிதானிங்க. ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னாடி ரஷ்யாவுல லெவ் குலெஷோவ்னு ஒரு இயக்குநர் ஒரு சோதனை பண்ணினார். ஒரு நடிகரோட ஒரே முகபாவத்த எடுத்து, அதுக்குப் பக்கத்துல ஒரு தடவ சூப் கிண்ணம், ஒரு தடவ சவப்பெட்டி, ஒரு தடவ ஒரு பொண்ணுன்னு ஒட்டிக் காட்டினார், பாத்தவங்க பசிய எவ்ளோ அழகா காட்டுறாரு, சோகத்த எவ்ளோ அழகா காட்டுறாருன்னு பாராட்டினதா சொல்வாங்க. முகம் ஒண்ணுதான், மாறினது பக்கத்து ஷாட். அதனால நீங்க நடிப்புன்னு நினைக்கிறதுல பாதி எடிட்டர் பண்ணின வேலையா இருக்கலாம். சந்தேகமா இருந்தா அந்த சீன சத்தம் இல்லாம ஒரு தடவ பாருங்க, அப்புறம் திரையப் பாக்காம சத்தத்த மட்டும் கேளுங்க. எது இல்லாதப்போ சீன் விழுந்துடுதோ அதுதான் அங்க தூக்கிப் பிடிச்சிட்டு இருந்தது. நான் இன்னைக்கும் இப்படித்தான் பாக்குறேன், ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒண்ணு புதுசா கிடைக்குது.

கேள்வி: ஒரு படத்துக்கு 95 சதவீதம்னு போட்டிருந்தாங்க, நம்பிப் போனா ரொம்ப சுமாரா இருந்துச்சு. காசு வாங்கிட்டு போடறாங்களா?

பதில்: காசு கதை இல்லாமலேயே அப்படி வரும், அந்த நம்பர் எப்படி வருதுன்னு தெரிஞ்சா கோபம் பாதி குறையும். ராட்டன் டொமேட்டோஸ் 1998ல ஆரம்பிச்ச, பல பேர் விமர்சனத்த ஒண்ணா சேர்த்துப் போடற தளம், அதுல வர்ற சதவீதம் படத்துக்குக் கிடைச்ச மார்க் கிடையாது, எத்தனை விமர்சகர்களுக்குப் படம் பிடிச்சதுங்கற கணக்கு. பத்து பேர் பாத்து பத்து பேருமே "பரவால்ல, ஒரு தடவ பாக்கலாம்"னு சொன்னா அது 100 சதவீதம். இன்னொரு படத்த அஞ்சு பேர் தலையில தூக்கி வச்சு ஆடறாங்க, அஞ்சு பேருக்கு சுத்தமா பிடிக்கல, அது 50. எனக்கு ரெண்டாவது படத்த தான் பாக்கணும் போல இருக்கும், ஏன்னா சண்டை போட வைக்கிற அளவுக்கு அதுல ஏதோ ஒண்ணு இருக்கு. மெட்டாகிரிட்டிக் வேற மாதிரி, அவங்க விமர்சனங்கள 100க்கு எத்தனைன்னு மாத்தி சராசரி எடுக்கறாங்க, ஆனா எல்லா விமர்சகருக்கும் ஒரே எடை கிடையாது, சில பேரோட மார்க்குக்கு எடை கூட, யாருக்கு எவ்ளோன்னு வெளிய சொல்றதில்ல. ஆக ரெண்டு தளத்துலயும் ஒரே படத்துக்கு வேற வேற நம்பர் வந்தா ரெண்டும் தப்பு இல்ல, ரெண்டும் வேற வேற கேள்விக்கான பதில். நம்பரப் பாருங்க, ஆனா அதுக்குக் கீழ படம் பிடிச்சவர் எழுதின விமர்சனம் ஒண்ணு, பிடிக்காதவர் எழுதின விமர்சனம் ஒண்ணு, ரெண்டையும் முழுசா படிச்சுட்டுப் போங்க.

கேள்வி: நட்சத்திர மார்க் போடலாமா வேண்டாமா?

பதில்: போடறதுன்னா எழுதி முடிச்ச அப்புறம் போடுங்க. முதல்லயே மூணுன்னு முடிவு பண்ணிட்டா நம்ம கை அந்த மூணுக்கு ஏத்த மாதிரியே எழுத ஆரம்பிச்சிடும், நல்லா இருந்த ஒரு சீன கூட அடக்கி வாசிப்போம்.

கேள்வி: கேம் விமர்சனம் எழுதுறேன் அக்கா. ஒரு கேம் முடிக்கவே 60 மணி நேரம் ஆகுது, வேலைக்குப் போயிட்டு எப்படி முடிக்கிறது, முடிக்காம எழுதினா தப்பா?

பதில்: முடிக்காம எழுதறது தப்பு இல்ல, முடிச்ச மாதிரி எழுதறது தான் தப்பு. "22 மணி நேரம் விளையாடினேன், மூணாவது ஊரு வரைக்கும் வந்திருக்கேன்"னு முதல் பத்தியிலேயே சொல்லிடுங்க. எந்த மெஷின்ல விளையாடினீங்கன்னும் சேர்த்து சொல்லுங்க, நிறைய பேர் இத விட்டுடறாங்க. 2020 டிசம்பர்ல சைபர்பங்க் 2077 வந்தப்போ ரிலீசுக்கு முன்னாடி விமர்சகர்கள் கைக்குக் கிடைச்சது கம்ப்யூட்டர்ல ஓடற பதிப்பு மட்டும்தான், அதப் பாத்து மார்க் அள்ளிக் குடுத்தாங்க. பழைய கன்சோல்ல (டிவியோட இணைச்சு கேம் விளையாடற மெஷின்) விளையாட வாங்கினவங்களுக்கு கேம் நடுவுல நின்னு நின்னு போச்சு, ஆளுங்க முகமே சரியா வரல, கடைசியில சோனி தன்னோட ஆன்லைன் ஸ்டோர்ல இருந்தே அந்த கேம எடுத்துட்டாங்க, அடுத்த வருஷம் ஜூன்ல தான் திரும்ப வந்துச்சு. விமர்சனம் எழுதினவங்க பொய் சொல்லல, அவங்க விளையாடினது வேற, வாங்கினவங்களுக்குக் கிடைச்சது வேற. மெஷின் பேரும், கேம் நிறுவனம் இலவசமா குடுத்ததா நீங்களே வாங்கினதான்னும் ரெண்டு வரி எழுதிட்டா படிக்கிறவங்களுக்கு அது எவ்ளோ பெரிய உதவி தெரியுமா.

கேமுக்குன்னு ஒரு விஷயம் இருக்கு, அத கண்ணால எழுத முடியாது, விரலால தான் எழுதணும். குதிக்கிற பட்டன அழுத்தின உடனே ஆள் குதிக்கிறானா, இல்ல ஒரு நொடி யோசிச்சுட்டு குதிக்கிறானா? பள்ளத்துல விழுந்து செத்தா எவ்ளோ நேரத்துல திரும்ப அதே இடத்துக்கு வர்றோம்? சில கேம்ல கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடும், அதனால ஒரே பள்ளத்துல முப்பது தடவ விழுந்தாலும் கோபம் வராது, இன்னும் ஒரே ஒரு தடவன்னு தான் தோணும். அதே முப்பது தடவையும் லோடிங் வட்டம் சுத்திட்டே இருந்தா எவ்ளோ அழகான கேமா இருந்தாலும் கன்ட்ரோலர கீழ வச்சுடுவோம். கதை, கிராஃபிக்ஸ் எல்லாம் வீடியோவுலயே தெரிஞ்சிடும், விளையாடினவங்க மட்டும் சொல்ல முடிஞ்சது இது தான். ரோஜர் ஈபர்ட்னு அமெரிக்காவுல ஒரு பெரிய விமர்சகர், 1975ல புலிட்சர் வாங்கினவர், பட விமர்சனத்துக்கு அந்தப் பரிசு வாங்கின முதல் ஆள். 2010 ஏப்ரல்ல அவர் வீடியோ கேம் ஒருநாளும் கலை ஆகாதுன்னு எழுதினார், பெரிய விவாதம் ஆச்சு, ஜூலையில அவரே திரும்ப எழுதினார், விளையாடிப் பாக்காம அந்தக் கருத்த நான் சொல்லியிருக்கக் கூடாதுங்கற மாதிரி. அவ்ளோ வருஷ அனுபவம் இருந்தும் விளையாடாதவர் விளையாடாதவர் தான், அத அவர் ஒத்துக்கிட்டது எனக்கு அவர் மேல மரியாதைய கூட்டுச்சு.

கேள்வி: "ஸ்பாய்லர் இல்லாத விமர்சனம்"னு தலைப்புல போட்டுட்டு உள்ள "கடைசி இருபது நிமிஷ ட்விஸ்ட் யாரும் எதிர்பாக்க முடியாது"ன்னு எழுதியிருந்தாங்க. இது ஸ்பாய்லர் இல்லையா?

பதில்: ஸ்பாய்லர்னா பாக்கறதுக்கு முன்னாடியே கதைய உடைச்சு சொல்லிடறது, என்னைக் கேட்டா இதுவும் ஸ்பாய்லர் தான். ட்விஸ்ட் இருக்குன்னு தெரிஞ்ச நிமிஷத்துல இருந்து நாம படம் பாக்கறத விட்டுட்டு துப்பறிய ஆரம்பிச்சிடறோம். கதைய எந்த அளவு சொல்லலாம்னு கேட்டா, நான் ட்ரெய்லர்ல வந்த அளவோட நிறுத்திப்பேன், அதுக்கு மேல போகணும்னா தனி பத்தி, மேல எச்சரிக்கை.

கேள்வி: காமிக்ஸ் பத்தி எழுதும்போது கதைச்சுருக்கம் தான் வருது, கடைசியில "ஓவியங்கள் அருமை"ன்னு ஒரு வரி. படம் வரையத் தெரியாத நான் ஓவியத்த பத்தி என்ன எழுத முடியும்?

பதில்: வரையத் தெரிய வேண்டாம்மா, பக்கத்த மெதுவா பாக்கத் தெரிஞ்சா போதும். முதல்ல கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவுல இருக்கற வெள்ளை இடத்தைப் பாருங்க. ஒரு கட்டத்துல ஒருத்தி கடிதத்த விளக்குக்கிட்ட கொண்டு போறா, அடுத்த கட்டத்துல இருட்டு அறை, தரையில சாம்பல். எரிச்சது யாரு? ஓவியர் அத வரையவே இல்ல, அந்த வெள்ளை இடத்துல நீங்க தான் எரிச்சீங்க. ஸ்காட் மெக்லவுட்னு ஒரு அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் 1993ல காமிக்ஸ பத்தி காமிக்ஸாவே ஒரு புத்தகம் போட்டார், அதுல இந்த இடைவெளிய தான் அவ்ளோ விரிவா பேசுவார். எதையெல்லாம் வரையல, எதை நம்ம கிட்ட விட்டுட்டாங்கன்னு எழுதினாலே உங்க விமர்சனம் கதைச்சுருக்கத்த தாண்டிடும்.

அப்புறம் பக்கம் திருப்பற இடம். வலது பக்கத்தோட கடைசி கட்டத்துல யாரோ கதவத் தட்டுவாங்க, திருப்பினாதான் யாருன்னு தெரியும். நல்ல ஓவியர் இதுக்காகவே பக்கத்த எண்ணி வரைவார். அதே கதைய போன்ல ஒவ்வொரு கட்டமா தள்ளிப் படிச்சா அந்த விரல் நடுக்கம் கிடைக்காது. நான் ஒரு கதைய போன்ல படிச்சுட்டு ரொம்ப சப்புன்னு இருக்குன்னு எழுதிட்டேன், மாசக் கணக்கு கழிச்சு புத்தகமா கையில கிடைச்சப்போ 31ஆம் பக்கத்தத் திருப்பினேன், ரெண்டு பக்கத்துக்கும் விரிஞ்ச ஒரே படம், வசனமே இல்லாம ஒரு காலி வகுப்பறை. போன்ல அது நாலு துண்டா வந்திருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே வச்சுட்டு உக்காந்திருந்தேன், ஒரு ஓவியரோட பல நாள் உழைப்ப சப்புன்னு ஒரு வார்த்தையில தள்ளிவிட்டோமேன்னு. எதுல படிச்சோம்னு அதுக்கப்புறம் நான் எழுதாம விட்டதே இல்ல.

கேள்வி: அப்படி மனசு மாறினா பழைய விமர்சனத்த அழிச்சிடலாமா?

பதில்: அழிக்காதீங்க. கீழ தேதி போட்டு புதுசா எழுதுங்க, ஏன் மாறினீங்கன்னு சொல்லுங்க. 1982ல பிளேட் ரன்னர் வந்தப்போ விமர்சகர்கள் ரெண்டா பிரிஞ்சு நின்னாங்க, மெதுவா போகுது, கதை இல்லன்னு சொன்னவங்க நிறைய, இன்னைக்கு சயின்ஸ் ஃபிக்‌ஷன்னாலே அந்தப் படம் தான் முதல்ல வருது. அன்னைக்கு எழுதினவங்க எல்லாரும் அழிச்சிருந்தா, அந்தப் படம் எவ்ளோ புதுசா, எவ்ளோ பழக்கமில்லாததா இருந்திருக்குன்னு நமக்குத் தெரிஞ்சிருக்குமா?

கேள்வி: சீரிஸ் முதல் எபிசோட் மட்டும் பாத்துட்டு எழுதலாமா?

பதில்: வாரம் ஒண்ணா வந்தா தாராளமா, அந்த வாரத்து மனசு அதுல பதிவாகும். மொத்தமா விடறதுன்னா (2013 பிப்ரவரியில நெட்ஃபிளிக்ஸ் ஒரு சீரிஸோட 13 எபிசோடையும் ஒரே நாள்ல விட்டதுல இருந்து இது பழக்கமாயிடுச்சு) குறைஞ்சது பாதியாவது பாருங்க. எந்த எபிசோட்ல நிறுத்திட்டு தூங்கப் போனீங்க, எதுல நிறுத்த முடியலன்னு குறிச்சு வைங்க, அதுவே பாதி விமர்சனம்.

கேள்வி: பிடிச்ச நடிகரோட படம் நல்லா இல்லன்னு எழுதினதுக்கு ரொம்ப மோசமா திட்டறாங்க. எழுதறதையே விட்டுடலாமான்னு இருக்கு.

பதில்: விடாதீங்க தங்கச்சி, தயவுசெஞ்சு. நீங்க படத்த பத்தி எழுதுங்க, ஆள பத்தி எழுதாதீங்க, நடிகரோட உடம்பு, வயசு, குடும்பம் எதுவும் வேண்டாம். திட்டறவங்கள்ல எந்த சீனையாவது சுட்டிக்காட்டி பேசறவங்க ஒண்ணு ரெண்டு பேர் இருப்பாங்க, அவங்களுக்கு மட்டும் பதில் எழுதுங்க, மத்தவங்கள பிளாக் பண்றதுல ஒரு தப்பும் இல்ல. ராத்திரி பதினோரு மணிக்கு மேல கமெண்ட் படிக்காதீங்க.

கேள்வி: என் பையனுக்கு 11 வயசு. ஒரு கேம் விளையாடிட்டு நோட்டுல எழுதி வச்சிருக்கான்: "மூணாவது கதவு கிட்ட பாட்டு நின்னுடுச்சு. எதுவுமே வரல. ஆனா எனக்கு பயமா இருந்துச்சு. நான் திரும்ப ரெண்டாவது கதவுக்கே போய்ட்டேன்." இத விமர்சனமா எப்படி மாத்தறதுன்னு அவனுக்கு சொல்லித் தரணும்.

பதில்: ஒரு எழுத்த கூட மாத்தாதீங்க. அந்த மூணாவது கதவ அப்புறம் திறந்தானான்னு மட்டும் கேட்டு எனக்கு எழுதுங்க.