குடை பிடித்து வாங்கிய குவார்ட்டர்

கேள்வி: 2020 ஏப்ரல்–ஜூன் குவார்ட்டரில் நாட்டின் பொருளாதாரமே சுமார் 24 சதவீதம் சரிந்தது. அந்தக் கொரோனா அடியிலிருந்து தமிழகத்தில் முதலில் எழுந்த துறை எது? (வாசகர், தென்காசி)

பதில்: குவார்ட்டர் என்று நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டு என்னிடம் கேட்டால் எப்படி?

மார்ச் 24-ல் மூடிய டாஸ்மாக், சென்னை நீங்கலாக மே 7-ல் திறந்தது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் காலை 10 முதல் 1 மணி வரை, நாற்பதுகளில் இருப்பவர்களுக்கு 3 வரை, இளவட்டங்களுக்கு 5 வரை. ஊர்த் திருவிழாவில்கூடப் பெரியவர்களுக்கு இப்படி வரிசை பார்த்து மரியாதை செய்ததில்லை. திருப்பூரில் குடையோடு வந்தால்தான் சரக்கு என்று கலெக்டர் சொல்லிவிட்டார். ஆளுக்கொரு குடை விரித்தால் இடைவெளி தானாக வந்துவிடுமாம். நல்ல யோசனைதான், கத்திரி வெயில் வேறு. கறுப்புக் குடை, பூப்போட்ட குடை, மனைவி தரமாட்டேன் என்று சொல்லியும் உருவிக்கொண்டு வந்த குடை என்று கடை வாசலில் ஒரு கண்காட்சியே நடந்திருக்கும். அதே திருப்பூரில் பனியன் கம்பெனிகள் முடங்கி, ஒடிசா, பிகார் தொழிலாளிகள் ஊருக்கு ரயில் கிடைக்காதா என்று கிடந்த மாதம் அது. அவர்களுக்கு இப்படி மணி பிரித்துக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாளே உயர் நீதிமன்றம் கடையை மூடச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடித் தடை வாங்கி, 16-ம் தேதி மறுபடி திறந்தது. நெசவாளர் நிவாரணத்துக்கு ஒரு கோப்பு இந்த வேகத்தில் நகர்ந்து நான் பார்த்ததில்லை. சாதாரண ரகக் குவார்ட்டருக்குப் பத்து ரூபாய் ஏற்றியும் ஆயிற்று. 2019-20-ல் டாஸ்மாக் வருவாய் 33,000 கோடிக்கு மேல். அடுத்த ஆண்டும் அது குறையவில்லை.

பள்ளிக்கூடமா? எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் கதவு திறந்தது. ஒன்றாம் வகுப்பில் வீட்டுக்குப் போன பிள்ளை மூன்றாம் வகுப்பில் திரும்பி வந்தது. ஆன்லைன் வகுப்பு என்றார்கள். பல வீடுகளில் இருந்த ஒரே போன் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இடையில் ஆட்சியும் மாறிவிட்டது. எனவே இரண்டு கட்சிக்காரர்களும் கடிதம் எழுதித் தபால் செலவு செய்ய வேண்டாம்.

‘மதுவை விட்டால் கஜானா என்னாவது?’ என்று வழக்கமாகச் சீறும் நண்பர் இந்த வாரமும் சீறுவார். அவருக்கு ஒரு தகவல்: 1937-ல் சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்த ராஜாஜி, அந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் 1939-ல் விற்பனை வரியைப் போட்டார். இன்று டாஸ்மாக் வருமானத்தில் பெரும்பகுதி அந்த விற்பனை வரியின் வாரிசான வாட் வரிதான்.