வாட்ஸை ஏத்தினா 20 ஹெர்ட்ஸ் வந்துடுமா?

கேள்வி: அண்ணே, வீட்ல 12 இஞ்ச் சீல்டு சப்வூஃபர் (பாஸுக்குன்னே இருக்கிற, முழுசா மூடின பாக்ஸ் ஸ்பீக்கர்), 500 வாட்ஸ் ஆம்ப். 40 ஹெர்ட்ஸ் வரைக்கும் சும்மா அதிருது, 20 கிட்ட போனா ஒண்ணுமே இல்ல. 1000 வாட்ஸ் ஆம்ப் போட்டா சரியாகுமா, இல்ல பாக்ஸையே பெருசா அடிக்கணுமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: தம்பி, காசை எடுக்குறதுக்கு முன்னாடி கிரில்லைக் கழட்டிட்டு 20 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ணைக் கம்மி வால்யூம்ல போட்டு மெதுவா ஏத்திக்கிட்டே கோனை, அதாவது ஸ்பீக்கர்ல ஆடுற அந்த வட்டத்தைப் பாருங்க. காதுக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா கோன் மட்டும் முன்னும் பின்னும் பேயா ஆடும். டப் டப்னு அடிக்க ஆரம்பிச்சா உடனே குறைச்சிடுங்க, அதுக்கு மேல எத்தனை வாட்ஸ் குடுத்தாலும் சத்தம் ஏறாது, கோனை ஆட்டுற கம்பிச் சுருள், அதான் காயில், அது தான் போகும்.

சீல்டு பாக்ஸ்ல போர்ட், அதாவது காத்து போய் வர்ற ஓட்டை கிடையாதுல்ல, அதனால மொத்தக் காத்தையும் கோன் ஒத்தையா தள்ளணும், கோனோட பரப்பு எவ்வளவு, அது எவ்வளவு தூரம் போய் வருது, இந்த ரெண்டையும் பெருக்கினா வர்றதுதான் கடைசி லிமிட். இதுல கொடுமை என்னன்னா ஃப்ரீக்வென்சி பாதியானா அதே சத்தத்துக்கு 4 மடங்கு காத்தைத் தள்ளணும். உங்களுது மாதிரி 12 இஞ்ச் கோன் ஒரு பக்கம் 10 மில்லிமீட்டர் போகுதுன்னு வைங்க, திறந்த வெளியில தரையில வச்சு 1 மீட்டர்ல அளந்தா 40 ஹெர்ட்ஸ்ல சுமார் 106 டெசிபல் வரும், 20ல 94 தான். அந்த 94ம் நீங்க உக்காந்திருக்கிற சோபாவுக்கு வர்றதுக்குள்ள குறையும், 20 ஹெர்ட்ஸ்ல 80 டெசிபல் கிட்ட இருந்தாத்தான் காதுக்கே லேசா தட்டுப்படும், அப்புறம் எப்படி அதிரும்?

வாட்ஸை டபுள் பண்ணா கிடைக்கிறது வெறும் 3 டெசிபல், அதுவும் கோனுக்கு இன்னும் ஆட இடம் இருந்தாத்தான். கடைக்காரங்க வாட்ஸை மட்டும் பெருசா எழுதி வைக்கிறது எனக்கு எப்பவுமே எரிச்சல்.

பாக்ஸ் விஷயம் வேற. 1954ல எட்கர் வில்ச்சூர் ஏஆர்-1 ஸ்பீக்கர்ல பண்ணது, உள்ள அடைபட்ட காத்தையே கோனுக்கு ஸ்பிரிங்கா வச்சதுதான். பாக்ஸ் சின்னதானா ஸ்பிரிங் விறைக்கும், ரெசொனன்ஸ் (கோன் தானா ஆட விரும்புற ஃப்ரீக்வென்சி) மேல ஏறும், அதுக்குக் கீழ ஒவ்வொரு ஆக்டேவுக்கும், அதாவது ஃப்ரீக்வென்சி பாதியாகுற ஒவ்வொரு தடவையும் 12 டெசிபல் விழும், ஈக்யூ (குறிப்பிட்ட ஃப்ரீக்வென்சியை மட்டும் ஏத்தி இறக்குற வசதி) போட்டுத் தூக்கலாம் ஆனா வாட்ஸ் தின்னும். பெரிய பாக்ஸ்னா அந்த வாட்ஸ் மிச்சம். ஆனா ஆம்ப்பும் சரி, பாக்ஸும் சரி, கோனோட லிமிட்டை மாத்தாது.

ரூம் கொஞ்சம் கை குடுக்கும், மூலையில தள்ளி வச்சுப் பாருங்க, கதவை சாத்திடுங்க. அதுக்கும் பத்தலைன்னா அந்த ஆம்ப் காசுல இதே மாதிரி இன்னொரு சப்பை ஆம்ப்போட வாங்கி முதல்ல இருக்கிறது பக்கத்துலயே வைங்க, 6 டெசிபல் ஏறும். 15 இஞ்ச்சுக்கு மாறினா, கோன் ஆடுற தூரம் அதே இருந்தா, சுமார் 4 தான். டெஸ்ட்ல 20 ஹெர்ட்ஸுக்குக் கோன் சும்மா லேசா தான் ஆடுது, ஆம்ப்ல கிளிப் லைட் (ஆம்ப் தன்னோட எல்லையைத் தொட்டுட்டதைக் காட்டுற லைட்) எரியுதுன்னா மட்டும் 1000 வாட்ஸ் பத்தி யோசிங்க.