வீட்டில் கேம் சர்வர்: வேலூர் வட்டாரக் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (காட்பாடி, கல்லூரி மாணவர்): அண்ணா, நண்பர்கள் 12 பேர் மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு ஆட சர்வர் (எல்லோரும் இணையும் பொதுக் கணினி) அமைக்கிறேன். 16 கோர் (பிராசஸரில் கணக்குப் போடும் அலகு) உள்ள பழைய ஸியான் (இன்டெலின் சர்வர் பிராசஸர்) கணினி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அந்த சர்வர் நொடிக்கு 20 முறை தன் உலகைக் கணக்கிட வேண்டும். ஒரு சுற்றுக்கு 50 மில்லிநொடிதான். பயிர் வளர்வது, மாடு நகர்வது, ரெட்ஸ்டோன் (ஆட்டத்தில் மின்கம்பி போன்ற பொருள்) துடிப்பது எல்லாம் பெரும்பாலும் ஒரே கோரின் தலையில் விழுகின்றன. மற்ற கோர்கள் வேடிக்கை பார்க்கும். நான்கே கோர் உள்ள புதிய ஐ3 கூட அந்தக் கிழட்டு யானையை முந்திவிடும். ராம் 16 ஜிபி போடுங்கள். ஜாவாவுக்கு 6 ஜிபி ஒதுக்கினால் போதும். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) கட்டாயம். ஆடுபவர் புதிய நிலத்துக்குள் ஓடும்போது ஹார்ட் டிஸ்க் திணறும்.

கேள்வி (குடியாத்தம்): கிராபிக்ஸ் கார்டு எது நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம். படம் வரைவது ஆடுபவரின் கணினி. சர்வருக்கு மானிட்டரே தேவையில்லை. ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று பெயரெடுத்த ஊரில் மானிட்டர் இல்லாத கணினியும் இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி (ராணிப்பேட்டை): விண்டோஸா, லினக்ஸா?

பதில்: மைன்கிராஃப்டுக்கு லினக்ஸ்தான்: டெபியன் அல்லது உபுண்டு சர்வர். டெஸ்க்டாப் திரை இல்லாததால் ராம் மிச்சம். ஆட்டத்தின் நடுவே அப்டேட் என்று தானாக ரீஸ்டார்ட் ஆகாது. உபுண்டுவில் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பை எடுத்தால் 5 ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். மைன்கிராஃப்ட் 1.20.5 முதல் 1.21 வரிசை வரையிலான பதிப்புகளுக்கு ஜாவா 21 வேண்டும். ஆனால் சில விளையாட்டுகளின் சர்வர் விண்டோஸுக்கு மட்டுமே வருகிறது. அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். விண்டோஸ் 10 வேண்டாம். அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது.

கேள்வி (சத்துவாச்சாரி, ஒரு தந்தை): மகன் இரவு பகலாக ஓட வேண்டும் என்கிறான். மின்கட்டணம், மின்வெட்டு, வெயில்?

பதில்: ஐயா, கடைக்காரர் கேட்காத கேள்வியை நீங்கள் கேட்டுவிட்டீர்கள். 50 வாட் இழுக்கும் சிறு கணினி இரண்டு மாதத்தில் 72 யூனிட் தின்னும். அது உங்கள் இப்போதைய கணக்கின் மேல் ஏறும் என்பதால் கட்டணம் மேல் படிக்குப் போகலாம். வீட்டு இன்வெர்ட்டர் இருந்தால் அதில் யுபிஎஸ் நிலைக்கு மாற்றும் சுவிட்ச் உள்ளதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் மாறும் அந்த நொடியில் கணினி அணைந்து, எழுதிக்கொண்டிருந்த உலகம் பழுதாகலாம். ரூட்டரையும் அதே இணைப்பில் வையுங்கள். மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கும்படி பயாஸில் (கணினி கிளம்பும்போது திறக்கும் அமைப்புத் திரை) ஒரு வழி உண்டு. வெயிலுக்கு வருகிறேன். அக்னி நட்சத்திரத்தில் என் சர்வரை மாடி அறை அலமாரிக்குள் வைத்தேன். மதியமானால் ஆட்டத்தில் மாடுகள் தத்தித் தத்தி நடந்தன. இணையத்தைத்தான் இரண்டு நாள் திட்டினேன். திறந்து பார்த்தால் விசிறியில் பஞ்சு போல் தூசி. சூடு தாங்காமல் பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்தில், சுவரை விட்டுத் தள்ளி, திறந்த இடத்தில் வையுங்கள்.

கேள்வி (ஆற்காடு): ரூட்டரில் 25565 போர்ட் (மைன்கிராஃப்ட் சர்வருக்கான வாசல் எண்) திறந்தும் வெளியூர் நண்பர்களால் நுழைய முடியவில்லை.

பதில்: ரூட்டரின் வெளிப்பக்க ஐபி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், ஒரே பொது முகவரியை இணைய நிறுவனத்தார் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறார்கள். நீங்கள் திறந்தது உங்கள் வீட்டுக் கதவு, தெருக்கதவு அவர்களிடம். ஸ்டாட்டிக் ஐபி (மாறாத பொது முகவரி) கேளுங்கள். தர மறுத்தால் மும்பையில் ஒரு விபிஎஸ் (இணையவழி வாடகைக் கணினி) வாடகைக்கு எடுப்பதே மேல்.

கேள்வி (ஆம்பூர்): பழைய லேப்டாப் போதுமா?

பதில்: நான்கைந்து பேருக்குத் தாராளம். பேட்டரியே யுபிஎஸ். மூடினாலும் உறங்காதபடி லினக்ஸில் அமைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அதைக் கழற்றிவிடுங்கள்.